மோதுண்ட மிதிவண்டி

பள்ளி விட்டு வீடு திரும்பிய மாணவன் ஒருவன் சாலையோரப் புளியமரத்தில் மிதிவண்டியோடு மோதினான். அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. வண்டிக்கு முன்சக்கரம் கோணிற்று. கடைக்காரர் சக்கரத்தை நேராக்கித் தந்தார். வண்டி முன்போலவே ஓடியது. வீட்டில் அது ஒன்றே வண்டி. ஆயினும், அதில் இனி ஏறலாமா? இதற்கு விடை சக்கரத்தில் இல்லை. வண்டியின் எலும்புக்கூடாகிய சட்டத்தில் உள்ளது. அதனையே கடைக்காரர் பிரேம் என்பர்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ஆம் ஆண்டில் ரோவர் என்னும் மிதிவண்டியைச் செய்தார். அதனை அடுத்துச் சில ஆண்டுகளில் நிலைபெற்ற சாய்சதுரச் சட்டமே இன்றும் பெரும்பாலான வண்டிகளைத் தாங்குகின்றது. முன்சக்கரம் ஒன்றில் முட்டும்போது, அதனை இருபுறமும் பற்றி நிற்கும் கவை பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. அக்கவை நெம்புகோல் போல நின்று, மேலுள்ள தலைக்குழாயை நெம்புகின்றது. ஆதலின், தலைக்குழாயை அடுத்து, மேற்குழாய் கீழ்க்குழாய் இரண்டின் அடிப்புறமும் நசுங்கி மடிதல் கூடும்.

அவ்விடத்தை நன்கு துடைத்து, விரலால் மெல்லத் தடவுக. கண்ணுக்குத் தோன்றாத சிறு மடிப்பும் விரலுக்குத் தட்டுப்படும். வண்ணப்பூச்சு மயிரிழைபோல் வெடித்திருந்தால், அடியிலுள்ள உலோகம் நெளிந்திருக்கலாம். புதிதாக வண்ணம் பூசிய பழைய சட்டத்தைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிட ஐயமே மிகும்! பின்பு வண்டியைப் பக்கவாட்டில் நின்று நோக்குக. தலைக்குழாயும் கவையின் மேற்பகுதியும் ஒரே கோட்டில் அமையவேண்டும்.

சட்டம் பக்கவாட்டில் கோணியதை அறிய ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சுப் பொருந்தும் ஒருபக்கப் பிளவில் நூலைக் கட்டித் தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுவரை இழுத்துக் கட்டுக. இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாயின் சட்டம் கோணவில்லை.

விரிசல் உண்டென ஐயுற்றால், அங்கே வண்ணத்தைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவுக. சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்துச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவுக. பிளவினுள் புகுந்த எண்ணெய் ஊறிவந்து கோடு காட்டும். இரயில்வே பட்டறைகளில் முற்காலத்தே இம்முறையால் விரிசல் தேடினர்.

எஃகுச் சட்டத்தின் பின்பகுதி சிறிதே கோணியிருப்பின், தேர்ந்த தொழிலாளி அதனை நிமிர்த்திவிடுவார். மடிந்த குழாயோ அத்தகையதன்று. கம்பியை வளைத்து நிமிர்த்தி, மீண்டும் வளைத்தால் அது ஒடிவதைக் கண்டிருப்பீர்கள். விரிசலும் அவ்வாறே, ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் சிறிது சிறிதாக வளரும். வளைந்த கவையை நிமிர்த்தாது மாற்றிவிடுதலே நன்று. அது ஓட்டத்தில் முறிந்தால் ஓட்டுபவன் முகங்குப்புற வீழ்வான். அலுமினியம் எஃகைப்போல் வளைவுக்கு இடங்கொடாது. கரிம இழைச் சட்டமோ வெளியே பழுதின்றித் தோன்றியும் உள்ளே பிளந்திருக்கலாம்; அதனை உரிய கருவியுடையோரே அறிவர்.

நம் மாணவனின் வண்டியில் நூல் இருபுறமும் சமமாகவே நின்றது. ஆனால், கீழ்க்குழாயின் அடியில் அவன் விரலில் ஒரு மடிப்புத் தட்டிற்று. அவன் தந்தை சற்றுநேரம் பேசாதிருந்தார். மறுவாரம், அவ்வண்டியின் சக்கரங்களும் இருக்கையும் மணியும் வேறொரு சட்டத்தில் ஏறின. அதுவரை அவன் பள்ளிக்கு நடந்தே சென்றான்.