உம்மா சொல்வதும் நான் கண்டதும்

கேள்வி: நான் மதுரங்குளியில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை. 1990 ஒக்டோபரில் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியபோது எனக்கு ஆறு வயது. அந்த வருகையை ஓவியக் கண்காட்சியாகச் செய்ய நெடுநாள் ஆசை. ஆனால் ஊரில் எடுத்த ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. கிணற்றுக்கட்டு, வாசலில் வந்து நிற்கும் கழுதை, வள்ளத்தில் யாரோ என் தலைக்கு மேல் பிடித்த பொலித்தீன் ஆகியவைதான் என் ஞாபகத்தில் இருப்பவை. உம்மாவோ, கழுதை எங்கள் வாசலுக்கு வந்ததே இல்லை, வள்ளத்தில் பிடித்தது ராத்தாவின் முக்காடு என்கிறார். என் பிள்ளைகளுக்கு மதுரங்குளிதான் ஊர். யார் சொல்வதை வைத்து வரைவது? எங்கே தொடங்குவது?

– வாசகி, மதுரங்குளி

பதில்: சகோதரி, இருவர் சொல்வதையும் வரையுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்த வேண்டாம். உங்களுக்கும் உம்மாவுக்கும் இடையில் இருக்கும் அந்த வித்தியாசம்தான் இந்தக் கண்காட்சியின் உயிர். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி அறிக்கைகள் உண்டு, கட்டுரைகள் உண்டு. ஆறு வயதுக் கண் கண்ட கழுதை அவற்றில் இல்லை.

ஞாபகம் பெட்டியில் பூட்டி வைத்த பொருளைப் போல அப்படியே இருப்பதில்லை. நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்று பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932 இலேயே எழுதினார். பிறர் சொல்லக் கேட்டதும் அதில் கலந்துவிடும். ஆகவே வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் நீங்கள் தனியே இருந்து, நினைவில் உள்ளதையெல்லாம் ஒரு கொப்பியில் வரைந்து, திகதி போட்டு மூடிவையுங்கள். அதன் பிறகு உம்மாவிடம் கேளுங்கள், பிறகு ராத்தாவிடம், ஒவ்வொருவரையும் தனித்தனியாக. உங்கள் படங்களை முன்கூட்டியே காட்டினால், அவர்கள் உங்கள் கழுதையைத்தான் நினைவுகூர்வார்கள்.

உம்மாவிடம் “என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டாம். வீட்டின் வரைபடத்தைக் கீறித் தரச் சொல்லுங்கள். அடுப்படி எந்தப் பக்கம், வெயில் எங்கே விழும், பாய் எங்கே விரிப்பீர்கள் என்று கேட்டால், கை கீறிக்கொண்டே போகும், வாய் தானாகப் பேசும். இதைச் செய்து காட்டியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஓவியர் தா. சனாதனன். 2011 இல் வெளியான அவருடைய ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலில், வடக்கில் வீடிழந்தவர்கள் தம் கையாலேயே கீறிய வீட்டு வரைபடம், அதைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் வரைந்த படம், பிறகு ஓவியரின் படம் என்று ஒரே வீடு மூன்று தடவை வரும். மூன்றும் ஒத்துப்போகவில்லையே என்று பார்ப்பவர் மனம் அங்கே சற்று நிற்கும். கொரியக் கலைஞர் டோ ஹோ சூ, சியோலில் தாம் வளர்ந்த வீட்டை அளந்து, அதே அளவில் பட்டுத் துணியால் தைத்தார். அழகான வேலைதான். ஆனால் அளப்பதற்கு அவருக்கு வீடு இருந்தது. உங்களுக்குச் சனாதனன் வழிதான் பொருந்தும்.

2009 இல் போர் முடிந்த பிறகு பலர் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பினார்கள். நீங்களும் போய்ப் பார்க்க நினைத்திருப்பீர்கள். போங்கள், ஆனால் கொப்பியை முடித்த பிறகு. முன்பே போனால் பழைய கிணற்றின் மேல் இன்றைய ஊர் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஓவியத்தில் ஞாபகம் பிசகலாம், திகதிகள் பிசகக் கூடாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் உங்களைப் போல வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். இவற்றை வாயிலருகே ஒரு பலகையில் எளிய வசனங்களில் எழுதிவிடுங்கள். உங்கள் ஊரிலேயே பிறந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இந்த வெளியேற்றத்தை ஆவணப்படுத்துவதற்குத் தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011 இல் வந்திருக்கிறது. அவர் எழுதியவற்றையும் இந்த அறிக்கையையும் படித்துவிட்டுப் பலகையை எழுதுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதி நடந்தது இங்கே, புத்தளம் மாவட்டத்தில்தான். கிடுகுக் குடில், தண்ணீருக்கு நின்ற வரிசை, பள்ளிக்கூடத்தில் ‘அகதி’ என்று அழைக்கப்பட்டது, யாரோ கொண்டுவந்து தந்த சோறு. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். பின்னாளில் காணிக்கும் தண்ணீருக்கும் தொழிலுக்கும் உரசலும் வந்தது. இரண்டையும் மறைக்காதீர்கள். அன்றைக்குச் சோறு கொண்டுவந்த வீட்டாரிடமும் போய், எங்களைப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேளுங்கள். மதுரங்குளியை ஊர் என்று சொல்லும் உங்கள் பிள்ளைகள் கண்காட்சிக்குள் நுழையும் வழி அந்தப் பகுதிதான்.

உம்மா ஏதாவது ஒன்றை வரைய வேண்டாம் என்றால் வரையாதீர்கள். குரலைப் பதிவு செய்வதற்கு முன்னும், மக்களுக்குக் காட்டுவதற்கு முன்னும் அவரிடம் சம்மதம் கேளுங்கள்.

படங்களை மாட்டுவதில் ஒரு யோசனை. ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். உங்கள் படங்களை அந்த உயரத்திலும் உம்மாவின் படங்களை அவர் கண் உயரத்திலும் மாட்டுங்கள். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும். உப்புக்காற்றும் கறையானும் கடதாசியை விட்டுவைக்காது என்பதால் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

கொழும்புக்குக் கொண்டுபோவதைப் பிறகு யோசிக்கலாம். முதல் கண்காட்சி மதுரங்குளியில், நடந்து வரக்கூடிய ஓர் இடத்தில் நடக்கட்டும். கொப்பியை இந்த வாரமே தொடங்குங்கள். 1990 இல் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். உம்மா வரைபடம் கீறித் தரும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.