பழைய பைபர் பாய்ப்படகில் மரம் அழுகினால்

லங்காவியில் பழைய பைபர் பாய்ப்படகு மலிவாகக் கிடைக்கிறதென்று ஜித்ராவிலிருந்து கிளம்புகிறீர்களா? வெளியே பைபர்தான், ஆனால் பெரும்பாலான பழைய படகுகளின் டெக்கில், இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். திருகு ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் அங்கேயே அடைபட்டு, வருஷக்கணக்கில் மரத்தை அழுக வைக்கும். காசு கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் டெக் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அழுகிய இடம் 'தொப்' என்று அமுங்கும். அமுங்கிய இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

• சந்தேகமான இடத்தில் கேபின் உள்ளிருந்து சின்ன ஓட்டை போடுங்கள், மேல்தோலைத் துளைத்துவிடாதீர்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் பிழைத்தீர்கள். கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் அழுகல்தான்.

• பழுது பார்க்கத் தொடங்கினால், தண்ணீர் இறங்கும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள். கைப்பிடிக் கம்பிகளின் அடி, கயிறு கட்டும் கிளீட், பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் செயின்பிளேட் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். இதை விட்டுவிட்டு மரத்தை மட்டும் மாற்றினால் புது மரமும் அழுகும்.

• மேல்தோலின் கனத்துக்கு மட்டும் ரம்பத்தை வைத்து அறுத்து, தோலை ஒரே துண்டாக எடுங்கள். எது முன்பக்கம் என்று எழுதி வையுங்கள். அதையேதான் திரும்ப ஒட்டப் போகிறீர்கள்.

• உலர்ந்த நல்ல மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கெடாவின் வெள்ளி, சனி விடுமுறை ஒன்றில் முடியாது; உலரவே நாளாகும்.

• மரைன் பிளைவுட்டை அளவுக்கு வெட்டி, ஓரங்களில் எபாக்ஸி பூசி, சிலிக்கா பொடி கலந்த கெட்டி எபாக்ஸியில் பதித்து, மேலே பாரம் வையுங்கள். அடியில் காற்று நின்றால் மறுபடி 'தொப்'தான்.

• எடுத்த தோலைத் திரும்ப ஒட்டியதும், இணைப்பு ஓரத்தைச் சரிவாகத் தேயுங்கள்: தோலின் கனத்தைப் போல 12 மடங்கு. 3 மில்லிமீட்டர் தோலுக்கு 36 மில்லிமீட்டர் சரிவு. குறைத்தால் இணைப்பு விரியும்.

• ஒவ்வொரு திருகு ஓட்டையையும் பெரிதாக்கி, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் புது ஓட்டை போடுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. முழு வேலையிலும் இதுதான் உயிர்நாடி.

செய்யக்கூடாதவை

• ஈர மரத்துக்குள் ஊசியால் எபாக்ஸி ஏற்றாதீர்கள். சுலபமான வழி என்று நம்பிப் பலர் பணத்தை விட்டது இதில்தான்: ஈரத்தில் எபாக்ஸி பிடிக்காது, பிறகு வெட்டியெடுக்க இரட்டிப்பு வேலை.

• பழைய பைபர் மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசாதீர்கள். விலை குறைவுதான், ஆனால் எபாக்ஸி அளவுக்கு ஒட்டாது.

• சீக்கிரம் காயட்டும் என்று எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டாதீர்கள். அளவு மாறினால் கடைசிவரை பிசுபிசுக்கும். நம் வெயிலுக்கு மெதுவான ஹார்டனரே வாங்குங்கள்.

• பெரிய டப்பாவில் மொத்தமாகக் கலக்காதீர்கள். சூடேறிப் புகையும். கொஞ்சமாகக் கலந்து தட்டையான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

• வேறு வேலைக்குப் பாலியெஸ்டர் வைத்திருந்தால், அதன் கேட்டலிஸ்டையும் விரைவூட்டியான கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றாதீர்கள். வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

• மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். பைபர் தூள் நுரையீரலுக்குள் போகும்.

• டெக்கில் கசிவை அடைக்கச் சிலிகான் பூசாதீர்கள். பின்னால் பெயின்ட்டும் பிடிக்காது, எபாக்ஸியும் பிடிக்காது. பியூட்டைல் டேப் போதும்.

• எபாக்ஸியை வெயிலில் வெறுமனே விடாதீர்கள். பெயின்ட் அடிக்காவிட்டால் வெளுத்து உதிரும்.

• செயின்பிளேட் அருகிலோ பாய்மரத்தின் அடியிலோ 'தொப்' கேட்டால் பாய் ஏற்றாதீர்கள். காற்று பிடித்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். படகைக் கரையேற்றி, அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.