தடுப்பூசி அட்டையும் ஒரு கணக்குப் பாடமும்

சென்ற ஆண்டு விலங்குகள் காப்பகத்திலிருந்து ஒரு பெண் நாயை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதன் காது நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தது. காயம் என்று நினைத்தேன். கருத்தடை செய்ததன் அடையாளம் அது என்று அங்கிருந்தவர் விளக்கினார். கையோடு தடுப்பூசி அட்டையும் கொடுத்தார்.

அந்த அட்டையை ஆறாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். தேதிகளை வைத்துக் கணக்குப் போடுவது மட்டுமே என் நோக்கம். குட்டிக்கு 3 மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். அடுத்த ஊசி எப்போது?

"டீச்சர், தெருநாய்க்கு அட்டை இருக்காதே?" என்றான் ஒருவன். பாடம் திசைமாறியது. நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், சுண்ணாம்போ மஞ்சளோ தடவக் கூடாது, உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இடைவேளையில் தனியாக அழைத்துக் கேட்டேன். முந்தைய நாள் தெருவில் ஒரு நாய்க்குட்டி கடித்திருக்கிறது. அடி விழும் என்று வீட்டில் சொல்லவில்லை. பல் பட்ட இடத்தில் சுண்ணாம்பு! தலைமையாசிரியரிடம் தெரிவித்து, அவள் அம்மாவை வரவழைத்து, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அங்கு ஊசி இலவசம். முதல் ஊசி போடும் நாள் 0. அடுத்தவை 3, 7, 28ஆம் நாள்கள்.

மறுநாள், யாருக்கென்று சொல்லாமல், அந்தத் தேதிகளை வகுப்பில் கணக்கிடச் செய்தேன். மூன்றாவது ஊசியும் நான்காவது ஊசியும் முதல் ஊசி போட்ட அதே கிழமையில்தான் வரும் என்பதை ஒரு மாணவன் கண்டுபிடித்தான். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.