சொன்னவர் யார் என்று கேளுங்கள்



சென்ற ஆண்டு ஒரு தாயார் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மார்பில் கட்டி. முதலில் சுண்டைக்காய் அளவு இருந்ததாம். எங்களிடம் வந்தபோது எலுமிச்சை அளவு. இடையில் எட்டு மாதம் ஓடிவிட்டது. ஏன் இத்தனை நாள் என்று கேட்டோம். மகன் கைபேசியை எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். கத்தி பட்டால் புற்றுநோய் உடம்பெங்கும் பரவும், கீமோ வெறும் விஷம், சர்க்கரையையும் பாலையும் நிறுத்தினால் கட்டி தானே பட்டினி கிடந்து சாகும் என்று அதில் இருந்தது. கீழே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெயர்.

அந்தச் செய்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். எங்கள் குழுவிலிருந்துதான். எங்களில் ஒருவரே அனுப்பியிருந்தார். கீழே 'ஜஸாகல்லாஹு கைரா' என்று பதில் போட்டவர்களில் நாங்களும் இருந்தோம்.

அந்தத் தாயார் இப்போது சிகிச்சையில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிறிய அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடியது, முதலில் கீமோ, பிறகு பெரிய அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு என்று நீண்டுவிட்டது. அந்த வருத்தத்தோடுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

அந்தச் செய்தியின் ஸனத்

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் புற்றுநோய் மையம் அந்தச் செய்தி தன்னுடையது அல்ல என்று வெளிப்படையாக அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக மறுப்பும் எழுதியது. முதலில் மின்னஞ்சலில் சுற்றிய அதே பொய், இன்று தமிழில் நம் கைபேசிகளில் சுற்றுகிறது. சொன்னவர் யார் என்று தெரியாது. ஒரு பெரிய பெயரை அதன் மேல் ஒட்டிவிட்டார்கள்.

இது நம் சமுதாயத்துக்குப் புதிய நோய் அல்ல. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாக இட்டுக்கட்டியவர்கள் முற்காலத்திலும் இருந்தார்கள். அதற்காகத்தான் நம் முன்னோர்கள் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் கலையை வளர்த்தார்கள். ஆரம்பத்தில் யாரும் ஸனத் கேட்கவில்லை, குழப்பம் தலைதூக்கிய பிறகுதான் உங்களுக்குச் சொன்னவர் யார் என்று பெயர் கேட்கத் தொடங்கினார்கள் என்று இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் உண்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா, தமக்குச் சொன்னவரை நேரில் சந்தித்தவரா என்று ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை எழுதி வைத்தார்கள்.

ஸனத்தை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. சொல்லப்பட்ட வாசகத்தையும் பார்த்தார்கள். இப்னுல் கய்யிம் (ரஹ்) 'அல்மனாருல் முனீஃப்' என்ற நூலில் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் அடையாளங்களை வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றில் ஒன்று, சின்னஞ்சிறு செயலுக்கு அளவு கடந்த பலனை வாக்களிப்பது. 'ஒரே வாரத்தில் புற்றுநோய் மாயம்' என்ற செய்தியை அந்த அடையாளத்தோடு பொருத்திப் பாருங்கள்.

எழுத்திலும் கைரேகை உண்டு

எழுதியவர் யார் என்பதை எழுத்தை வைத்தே ஆராயும் வேலை நம் தாம்பரத்திலும் நடந்திருக்கிறது. பாரதியார் 1906 முதல் 'இந்தியா' வார இதழில் எழுதினார். பல கட்டுரைகளில் எழுதியவர் பெயர் இல்லை. வெள்ளையர் ஆட்சியில் பெயர் போட்டால் சிறை என்ற நிலை. 1908ல் அந்த இதழின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். பாரதியார் புதுச்சேரி சென்றார். அந்தப் பெயரில்லாக் கட்டுரைகளில் எவை பாரதியாருடையவை? தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் எம். பகவன்தாஸ், ஜி. மணிமன்னனுடன் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கணக்கின் வழியாக ஆராய்ந்தார். அந்த ஆய்வு 2008ல் சர்வதேச இதழ் ஒன்றில் வெளியானது.

இந்த முறையின் அடிப்படை எளியது. ஒருவர் எந்தச் சொற்களை எத்தனை முறை பயன்படுத்துகிறார், வாக்கியங்களை எவ்வளவு நீளமாக அமைக்கிறார் என்பவை அவர் அறியாமலேயே பழக்கமாகிவிடும். முதலில் அவருடையவை என்று உறுதியாகத் தெரிந்த எழுத்துகளில் இவற்றை எண்ணுகிறார்கள். அதே காலத்தில் எழுதிய மற்றவர்களின் எழுத்துகளிலும் எண்ணுகிறார்கள். பிறகு பெயரில்லாக் கட்டுரை யாருடைய பழக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று ஒப்பிடுகிறார்கள்.

கணக்குத் தெரியாத நாமும் இதில் ஒரு பகுதியைச் செய்யலாம். ஒரு பெரிய மருத்துவமனை, 'இதைப் பத்துப் பேருக்கு உடனே அனுப்பு' என்று எழுதுமா? தேதி இல்லாமல், மருத்துவர் பெயர் இல்லாமல், மற்ற எல்லா மருத்துவர்களும் திருடர்கள் என்று எழுதுமா?

கத்தி பட்டால் பரவுமா?

இந்தப் பயம் எப்படி வந்தது என்று யோசித்தால் புரியும். பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்குப் போகிறார்கள். நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். அறுவை சிகிச்சை நடந்து சில மாதத்தில் மவுத்தாகிவிட்டால், பழி கத்தியின் மேல் விழுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த நம் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி (ரஹ்), முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் கடைசிப் பாகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கட்டி சிறியதாகவும், முழுவதும் எடுக்கக்கூடிய இடத்திலும் இருந்தால் அறுத்து எடுக்கலாம். நாள்பட்டுப் பெரிதாகிவிட்டதைத் தாமும் குணப்படுத்தியதில்லை, பிறர் குணப்படுத்தியும் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். அன்றைக்கே சீக்கிரம் வருவதுதான் மருந்தாக இருந்தது.

அதன் பிறகு மருத்துவம் எங்கோ போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மார்பகப் புற்றுநோய்க்கு மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் சேர்த்து எடுப்பதே வழக்கமாக இருந்தது. அவ்வளவு எடுக்க வேண்டுமா என்று அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர் கேட்டார். 1976ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஆரம்ப நிலையில் இருந்த 1,851 பெண்களின் விவரங்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2002ல் முடிவு வெளியானது. மார்பை முழுவதும் எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் பிழைத்திருந்த அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் அதே மார்பில் நோய் திரும்பியது 14.3 சதவீதம், கதிர்வீச்சு இல்லாதவர்களில் 39.2 சதவீதம். மருத்துவர் 'கரண்ட் வைக்க வேண்டும்' என்று சொன்னால் ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவே பதில்.

இந்த ஆய்வில் நமக்குத் தேவையான இன்னொரு படிப்பினை உண்டு. இதில் பங்கெடுத்த பல மருத்துவமனைகளில் ஒன்றில், மாண்ட்ரியல் நகரத்தில், ஓர் அறுவை மருத்துவர் பதிவேடுகளைத் திருத்தியிருந்தார். தகுதி இல்லாத நோயாளிகளையும் ஆய்வில் சேர்ப்பதற்காகத் தேதிகளை மாற்றினார். ஒரே நோயாளியின் அறிக்கை இரண்டு வெவ்வேறு தேதிகளோடு இருந்ததைப் பதிவுகளைக் கவனிப்பவர் கண்டுபிடித்தார். 1994ல் இது உலகத்துக்குத் தெரிய வந்து பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. என்ன செய்தார்கள்? அந்த மருத்துவரின் நோயாளிகள் அத்தனை பேரையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டார்கள். முடிவு மாறவில்லை. இத்தாலியின் மிலான் நகரத்தில் வேறொரு குழு தனியாக நடத்திய ஆய்வும் அதையே சொன்னது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழக்கமான பாடம். பொய்யர் என்று தெரிந்த அறிவிப்பாளரின் செய்தியைத் தள்ளிவிடுவோம். வேறு நம்பகமான வரிசைகளில் அதே செய்தி வந்திருந்தால் அதை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பொய் சொன்னார் என்பதற்காக மருத்துவம் முழுவதையும் தள்ளுவது, ஓர் இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸைக் காட்டி எல்லா ஹதீஸையும் மறுப்பதற்குச் சமம்.

நம் நாட்டில்

ஆய்வெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தானே என்று சிலர் கேட்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், மாவா மெல்லுபவர்கள் கேளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டி'குரூஸ் தலைமையிலான குழு 2004 முதல் 2014 வரை வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்தது. எல்லோரும் ஆரம்ப நிலை நோயாளிகள். கழுத்தில் நெறிக்கட்டி தெரியாதவர்கள். ஒரு பிரிவினருக்கு வாயில் அறுவை செய்யும்போதே கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்குக் கட்டி தெரிந்தால் பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதல் பிரிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம். 2015ல் இது வெளியானது. அதிகம் வெட்டிய பிரிவில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள். கத்தி பரப்பியிருந்தால் கணக்கு தலைகீழாக வந்திருக்கும்.

நமக்கு அருகில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்தார்கள். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் அங்கேதான் பராமரிக்கப்படுகிறது. அந்தப் பதிவேட்டில் நோயாளி யார், எந்த நிலையில் வந்தார், பிறகு என்ன ஆனார் என்பதெல்லாம் ஏறுகிறது. 'எனக்குத் தெரிந்த ஒருவர் குணமானார்' என்ற பேச்சுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி என்ன செய்வது?

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸ் ஸஹீஹானது. அதை மறுக்க நாம் யார்? ஆனால் அதை வைத்து மருத்துவரிடம் போகாதே என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மருத்துவரை அனுப்பி வைத்தார்கள். அவர் நரம்பை வெட்டிச் சூடும் வைத்தார் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

செய்தி வரும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. சொன்னவர் யார்? அவர் பெயரும் பொறுப்பும் இருக்கிறதா?
2. அந்த மருத்துவமனை தானே வெளியிட்டதா, அல்லது பெயரை ஒட்டினார்களா?
3. எத்தனை பேரிடம், எத்தனை ஆண்டு பார்த்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்?
4. வேறு யாராவது தனியாகப் பார்த்து அதையே சொன்னார்களா?
5. சொல்பவர் எதையாவது விற்கிறாரா?

பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தீயவர் கொண்டுவரும் செய்தியை விசாரிக்காமல் ஏற்றால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6வது வசனம் தரும் எச்சரிக்கை. நாங்கள் அந்த வருத்தத்தை அனுபவித்துவிட்டோம்.

மார்பில் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இரத்தப்போக்கு இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். பெண்கள் வெட்கத்தால் மறைக்க வேண்டாம். பெண் மருத்துவரிடம் அழைத்துப் போக நம் சகோதரிகள் தயாராக இருக்கிறார்கள். பணத்துக்காகத் தள்ளிப் போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை எடுக்க அலுவலகத்தில் உதவி செய்கிறோம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இனி, பெயரும் ஆதாரமும் இல்லாத மருத்துவச் செய்தியை யார் அனுப்பினாலும் நீக்கிவிடுவோம். நாங்களே அனுப்பியிருந்தாலும் சுட்டிக்காட்டுங்கள். அந்தத் தாயாருக்கும் நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.