மாடி அறைக் காளானுக்கு எந்தக் கன்ட்ரோலர்?

கேள்வி: மாடி அறையில் காளான் வளர்க்கப் போகிறேன். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கவனிக்கும் கன்ட்ரோலரை எப்படிப் பார்த்து வாங்குவது?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் காளானைத் தேர்ந்தெடுங்கள். சிப்பிக் காளானுக்கு 23 முதல் 25 டிகிரி வேண்டும். வியாசர்பாடி வெயிலில் அதற்கு ஏ.சி. ஓடியாக வேண்டும். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.2 பால் காளானோ 30 முதல் 35 டிகிரியில் செழித்து வளரும். வடசென்னைக்கு அதுவே பொருத்தம்.

இனி கன்ட்ரோலரின் முக்கிய வேலை, ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பதுதான். 80-இல் ஃபாகர் (பனி போல நீர் தெளிக்கும் கருவி) ஓடி 88-இல் நிற்கும்படி இடைவெளி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இல்லாவிட்டால் ரிலே அடிக்கடி ஆன், ஆஃப் ஆகிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். கரன்ட் போய் வந்தாலும் செட்டிங் அழியக் கூடாது. சென்சாரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

சென்சாரைக் காளான் பைகள் இருக்கும் உயரத்தில், ஃபாகரின் நேர் எதிரே வராமல் மாட்டுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சேறு போல் நனைத்த சமையல் உப்பைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, உப்பில் படாமல் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

தண்டு நீண்டு குடை சிறுத்தால் கரியமில வாயு தேங்கியிருக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள்.

ஈரமான அறை என்பதால் மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எலக்ட்ரீஷியனை வைத்தே பொருத்துங்கள்.