ஒரு மைக்ரோ ஆம்பியர்

அன்புள்ள தம்பிக்கு,

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர். ஷாட்கி டயோடு அங்கே கை நிறையக் கிடைக்கும், வாங்கிக்கொள். ஆனால் நீ அனுப்பிய சர்க்யூட்டில் சாதா டயோடு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அதையே போட்டிருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் ஆசை புரிகிறது. 1 ஆம்பியர் ஓடும்போது சாதா டயோடான 1என்4007 அதிகபட்சம் 1.1 வோல்ட்டை விழுங்கும், ஷாட்கியான 1என்5819 வெறும் 0.6. உலோகம் சிலிக்கானைத் தொடும் அந்த இடத்தில் எலக்ட்ரான்கள் மட்டுமே ஓடுகின்றன, துளைகள் தேங்குவதில்லை. அதனால் மின்னழுத்தம் திசை மாறியதும் சட்டென்று மூடிக்கொள்ளும். ஸ்விட்சிங் பவர் சப்ளைக்கு அதுதான் வேண்டும். (உலோகமும் படிகமும் சேர்ந்தால் மின்சாரம் ஒருபக்கமாக ஓடுவதை பிரவுன் 1874இல் கண்டார். ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா படிகத்தால் ரேடியோ அலை பிடித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். காரணத்தை ஷாட்கி சொன்னது 1938இல்தான். நம் தொழிலில் கைதான் எப்போதும் முந்தும்!)

எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தடுப்பு தாழ்வு, அதனால்தான் வோல்ட் மிச்சம். அதே தாழ்வால் பின்பக்கமும் கசியும். 1என்5819இன் டேட்டா ஷீட்டைப் பார்: 40 வோல்ட்டில், 25 டிகிரியில் 1 மில்லி ஆம்பியர், 100 டிகிரியில் 10 வரை.

இப்போது உன் கடிகார சிப்புக்கான சிஆர்2032 செல்லுக்கு வருவோம். மெயின் 5 வோல்ட் இருக்கும்போதெல்லாம், நீ அங்கே போட்ட ஷாட்கியின் கசிவு அந்த 3 வோல்ட் செல்லுக்குள் நுழைந்து அதைச் சார்ஜ் செய்யும். சார்ஜ் செய்யக்கூடாத செல் அது. ஆயுள் முழுக்கச் சேர்ந்தாலும் கொள்ளளவில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று சில தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். 220 மில்லி ஆம்பியர் மணியில் அது 6.6. வெறும் 1 மைக்ரோ ஆம்பியர் ஓராண்டு கசிந்தால் 8.8 ஆகிவிடும். உன் பெட்டியோ மேற்கு வெயில் படும் புளோக் சுவரில், காற்றுப் புகாத பிளாஸ்டிக்குக்குள்!

அங்கே குறைந்த கசிவுள்ள சிலிக்கான் டயோடு, பிஏஎஸ்116 போல ஒன்று, போடு. சிப் இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம், வோல்ட் இழப்பு உறுத்தாது. டயோடு ஷார்ட் ஆனாலும் செல்லுக்குள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடரில் வை. பவர் சப்ளையில் ஷாட்கி அப்படியே இருக்கட்டும்.

நான் சொன்னதை நம்பாதே. இப்போதைய டயோடோடு 10 கிலோ ஓம் தொடரில் வைத்து, பின்திசையில் 2 வோல்ட் கொடுத்து, ரெசிஸ்டரின் இருமுனையிலும் மல்டிமீட்டரை வை. 10 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோ ஆம்பியர். பிறகு ஹேர் டிரையரைக் காட்டிப் பார்த்துவிட்டு, எண்ணை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்