காவல் நின்ற கால்கள்

நுழையும்முன்

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரின் பெயர் ஊரெங்கும் ஒலிக்கும். கோல் விழாமல் காத்தவரின் பெயரோ ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலும் மறக்கப்படும். நிகழ்ந்தவற்றை எண்ணிக் கணக்கிடலாம். நிகழாமல் தடுக்கப்பட்டவற்றை எவ்வாறு கணக்கிடுவது? பிரான்சு நாட்டிற்காக 142 ஆட்டங்களில் காவல் நின்ற ஒரு தடுப்பு வீரரின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை தருகிறது. களத்தில் கற்ற காவலை அவர் களத்திற்கு வெளியேயும் கொண்டு சென்றார்.

நொச்சியும் கால்பந்தும்

பகைவரின் மதிலை வளைத்துப் போரிடுவோர் உழிஞைப் பூவையும், மதிலைக் காத்து நிற்போர் நொச்சிப் பூவையும் சூடினர் எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துக் கூறுகிறது. தாக்குவோர்க்கு ஒரு பூவும் காப்போர்க்கு ஒரு பூவும் அளித்து, இருவர் வீரத்தையும் ஒப்ப மதித்த மரபு அது.

கால்பந்தாட்டத்திலும் இவ்விரு திறத்தாரும் உண்டு. களத்தில் இறங்கும் பதினொருவரில் முன்களத்தில் நிற்போர் தாக்குதல் வீரர்கள். கோல் காவலருக்கு முன்னே அரணாக நிற்போர் தடுப்பு வீரர்கள். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடைய கோல் வாயிலைத் தொண்ணூறு நிமிடங்கள் காப்பது அவர்கள் கடமை. தாக்குதல் வீரர் பத்து வாய்ப்புகளில் ஒன்பதைத் தவறவிட்டாலும் ஒன்றில் வென்றால் போற்றப்படுவார். தடுப்பு வீரரோ ஒன்பது முறை காத்துப் பத்தாம் முறை தவறினால் அத்தவற்றுக்காகவே நினைவுகூரப்படுவார். இத்தகைய பணியைப் பதினேழு ஆண்டுகள் தொழிலாகச் செய்தவர் லிலியன் துராம்.

தீவிலிருந்து தலைநகருக்கு

கரீபியக் கடலில் உள்ள குவாதலூப், பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே அங்குப் பெரும்பான்மையினர். அத்தீவில் 1972ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் துராம் பிறந்தார். ஐந்து பிள்ளைகளையும் தாய் ஒருவரே உழைத்து வளர்த்தார். பிழைப்பு தேடி அவர் முதலில் தனியே பாரிசு நகருக்குச் சென்று, துப்புரவுப் பணி செய்து, பின்னர்ப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டார். துராம் பாரிசுக்கு வந்தபோது அவருக்கு வயது ஒன்பது.

புதிய பள்ளியில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. அக்காலத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் அறிவு குறைந்ததாகக் காட்டப்பட்ட கறுப்புப் பசு ஒன்று இடம்பெற்றது. உடன் பயின்ற சிறுவர் சிலர் அப்பசுவின் பெயரால் அவரை அழைத்தனர். தீவில் இருந்தவரை தம் நிறத்தைப் பற்றி எண்ணியே பார்த்திராத சிறுவன், நிறம் ஓர் இழிவாகக் கருதப்படுவதை அன்றுதான் அறிந்தான். ஏன் இவ்வாறு அழைக்கின்றனர் எனத் தாயிடம் கேட்டான். மனிதர் சிலர் அப்படித்தான், அது மாறப்போவதில்லை என்ற பொருளில் தாய் விடையளித்தார். பிள்ளையின் மனம் அவ்விடையில் நிறைவடையவில்லை. 'ஏன்' என்னும் அவ்வினா அவரோடு வளர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் 1848ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் குவாதலூப்பின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க, 1854 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர் பலரும் அவர்களுள் அடங்குவர். மாரியம்மன் வழிபாடு இன்றும் அத்தீவில் நிலவுகிறது.

தடுப்பின் நுட்பம்

பாரிசின் புறநகர்ப் பகுதியில் பந்தாடி வளர்ந்த துராம், 1991இல் மொனாக்கோ சங்கத்தின் முதன்மை அணியில் ஆடத் தொடங்கினார். பின்னாளில் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற ஆர்சென் வெங்கர் அப்போது அச்சங்கத்தின் பயிற்சியாளர். 1996இல் துராம் இத்தாலியின் பார்மா சங்கத்திற்குச் சென்றார். தடுப்பாட்டத்தை ஒரு கலையாகவே போற்றும் நாடு இத்தாலி. அங்கே கோல் காவலர் புஃபோன், தடுப்பு வீரர் கன்னவாரோ ஆகியோருடன் இணைந்து அவர் அமைத்த அரண், பார்மாவிற்கு 1999ஆம் ஆண்டில் இத்தாலியக் கோப்பையையும் யூஏஃபா கோப்பையையும் பெற்றுத் தந்தது.

தடுத்தல் என்பது எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பறிப்பது மட்டுமன்று. பாய்பவர் தவறினால் அவருக்குப் பின்னால் வெற்றிடம் திறந்துவிடும். தேர்ந்த தடுப்பு வீரர் உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, எதிராளியின் உடலசைவில் ஏமாறாது பந்தையே நோக்கி, அவரைக் கோல் வாயிலிலிருந்து விலக்கிக் களத்தின் ஓரத்திற்கு மெல்ல ஒதுக்குவார். பந்து வருமுன்பே அது வரப்போகும் இடத்தை உய்த்துணர்ந்து அங்கே நிற்பார். காண்போர்க்கு அவர் ஒன்றுமே செய்யாததுபோல் தோன்றும். ஆயினும் எதிரணியினர் கொடுக்க நினைத்த பந்தைக் கொடுக்க இயலாமல் திகைப்பதற்கு அவர் நிற்கும் இடமே காரணமாகும்.

இன்னொன்று, தடுப்பு வீரர் நால்வரும் ஒரே கோடுபோல் நகர வேண்டும். ஆஃப்சைடு விதியின்படி, பந்து முன்னோக்கி அனுப்பப்படும் நொடியில் அதைப் பெறும் வீரருக்கும் எதிரணியின் கோல் கோட்டிற்கும் இடையே, கோல் காவலரையும் சேர்த்து, எதிரணியினர் இருவரேனும் இருத்தல் வேண்டும். அல்லது அவருக்கு இணையாகவேனும் நிற்றல் வேண்டும். எனவே தடுப்பு வீரர்கள் ஒருசேர முன்னேறினால் தாக்குதல் வீரர் விதிக்கு அப்பாற்பட்ட நிலையில் சிக்குவார். நால்வரில் ஒருவர் பின்தங்கினாலும் கோடு உடையும். அரணில் வாயில் திறக்கும்.

ஒரு பிழையும் இரண்டு கோல்களும்

அவ்வாறு பின்தங்கிய ஒருவராகத் துராமே நின்ற நாளும் உண்டு. 1998ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி பிரான்சில் நடைபெற்றது. துராம், தெசாயி, பிளாங், லிசராசு ஆகிய நால்வரை முதன்மை அரணாகக் கொண்ட பிரெஞ்சு அணி அரையிறுதிக்கு முன்னர் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல்தான். அதுவும் பெனால்டி வாய்ப்பில் அடிக்கப்பட்டது. சூலை 8ஆம் நாள் பாரிசை அடுத்த சான் தெனி நகர் அரங்கில் குரோவாசியாவுடன் அரையிறுதி ஆட்டம் நடந்தது. இடைவேளை வரை இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. 46ஆவது நிமிடத்தில் பிரெஞ்சுத் தடுப்புக் கோட்டிற்குப் பின்னால் பந்து அனுப்பப்பட்டது. ஏனைய மூவரும் முன்னேறியிருக்க, வலப்புறத்தில் துராம் மட்டும் பின்தங்கியிருந்தார். அதனால் குரோவாசிய வீரர் டாவர் சூக்கர் விதிக்கு உட்பட்ட நிலையிலேயே பந்தைப் பெற்றுக் கோல் அடித்தார்.

பல்லாண்டுக் காவல் ஒரு நொடியில் பழுதுபட்டது. தன்னால் விளைந்த இழப்பை ஒரு நாடே பார்த்துக்கொண்டிருக்கும் அத்தகைய வேளையில் மனம் சோர்வது இயல்பு. துராம் சோர்ந்து நிற்கவில்லை. அடுத்த நிமிடமே எதிரணியின் எல்லைக்குள் புகுந்து, குரோவாசிய அணித்தலைவர் போபனிடமிருந்து பந்தைக் கவர்ந்தார். அதைத் தோழர் சோர்கேஃபுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றுக் கோலாக்கினார். 70ஆவது நிமிடத்தில் பெனால்டி எல்லையின் விளிம்பிலிருந்து இடக்காலால் வளைத்தடித்த பந்து இரண்டாவது கோலாயிற்று. மண்டியிட்டு அமர்ந்து, விரலை உதட்டில் வைத்து, ஏதோ ஆழ்ந்து சிந்திப்பவர்போல் அவர் வீற்றிருந்த காட்சியை உலகம் வியந்து நோக்கியது. சிறிது நேரத்தில் பிளாங் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பதின்மரும் முன்னிலையைக் காத்தனர். பிரான்சு 2-1 என்னும் கணக்கில் வென்றது.

நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் பிரேசிலை 3-0 எனத் தோற்கடித்துப் பிரான்சு முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது. ஏழு ஆட்டங்களில் அவ்வணி விட்டுக்கொடுத்த கோல்கள் இரண்டே. போட்டியின் சிறந்த வீரர்கள் வரிசையில் துராம் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பந்து விருதை அடைந்தார். நாட்டிற்காக ஆடிய 142 ஆட்டங்களிலும் அவர் அடித்த கோல்கள் அந்த இரண்டு மட்டுமே என்பது எண்ணத்தக்கது. பலரும் அவ்விரு கோல்களையே நினைவில் கொண்டுள்ளனர். அவற்றின் பெருமை மறுக்கத்தக்கதன்று. எனினும் எஞ்சிய 141 ஆட்டங்களின் காவலே அவரை அந்த அரையிறுதிக் களத்தில் நிறுத்தியது.

மீண்டும் களத்தில்

2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையையும் பிரான்சு வென்றது. 2001இல் யுவெண்டசு சங்கத்தில் இணைந்த துராம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் இத்தாலியக் கூட்டிணைவுப் பட்டங்களை வெல்லத் துணைநின்றார். 2004இல் தேசிய அணியிலிருந்து விலகிய அவர், அடுத்த ஆண்டே அணியின் தேவை கருதித் திரும்பினார். 2006 உலகக் கோப்பையில் அவருக்கு வயது முப்பத்து நான்கு. போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில் ஆட்ட நாயகனாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் அவர் கோல் அடிக்கவில்லை, காத்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற இத்தாலிய அணியின் தலைவர், பார்மாவில் தோளோடு தோள் நின்ற கன்னவாரோ. கோல் காவலர் புஃபோன். பெனால்டி வாய்ப்புகளில் பிரான்சு தோற்றது. பின்னர் பார்சிலோனா சங்கத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடிய அவருக்கு, 2008இல் மருத்துவப் பரிசோதனை ஒன்றில் இதயக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வாண்டே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். நாட்டிற்காக அதிக ஆட்டங்களில் ஆடியவர் என்னும் அவரது சாதனை 2022 வரை நிலைத்திருந்தது.

களத்திற்கு வெளியே

1998இல் வென்ற அணியில் கானாவில் பிறந்த தெசாயி, செனகலில் பிறந்த வியேரா, அல்சீரியப் பெற்றோரின் மகன் சிதான் எனப் பல வேர்களைக் கொண்டோர் இருந்தனர். நிறமும் பிறப்பும் பாராமல் நாடு முழுவதும் அவர்களைக் கொண்டாடியது. ஆனால் வெற்றியின் மகிழ்ச்சி வேற்றுமைகளை நீக்கிவிடவில்லை. 2005இல் புறநகர்ப் பகுதிகளில் கலவரம் வெடித்தது. அங்குள்ள இளைஞரை இழிசொல்லால் குறிப்பிட்ட அரசியல் பேச்சைத் துராம் வெளிப்படையாகக் கண்டித்தார். தாமும் அப்பகுதியில் வளர்ந்தவரே என்பதை அவர் மறைக்கவில்லை. வன்முறைக்குக் காரணம் தேடுவோர், வேலையின்மையையும் புறக்கணிப்பையும் காண வேண்டும் என வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு, தங்குமிடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேறிகள் பலரைப் பிரான்சு-இத்தாலி ஆட்டத்தைக் காண விருந்தினராக அழைத்தார்.

2008இல் அவர் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இனவெறிக்கு எதிராகக் கல்வி அளிப்பதே அதன் நோக்கம். எவரும் இனவெறியோடு பிறப்பதில்லை, அது கற்றுக்கொடுக்கப்படுவது, ஆகவே கல்வியால் அதனை மாற்றவும் இயலும் என்பது அவர் கொள்கை. பள்ளிகளுக்குச் சென்று மாணவரோடு உரையாடுவதை அவர் பணியாகக் கொண்டார். தாம் பயின்ற பாடங்களில் கறுப்பினத்தார் அடிமைகளாக மட்டுமே அறிமுகமானதை எண்ணி, அறிவியல், கலை, அரசியல் எனப் பல துறைகளில் சிறந்த கறுப்பின மக்களின் வரலாற்றைத் தொகுத்து 2010இல் 'என் கறுப்பு விண்மீன்கள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சு நூலை வெளியிட்டார். ஒன்பது வயதில் தாயிடம் கேட்ட வினாவிற்கு அவர் தேடிக் கண்ட விடை இதுவே எனலாம். தாய், மாறாது என்றார். மகன், மாற்றலாம் என்று பள்ளிதோறும் சொல்லி வருகிறார்.

அவருடைய மகன்கள் மார்கசு, கெஃப்ரன் இருவரும் இன்று பிரான்சின் கால்பந்து வீரர்கள். கறுப்பின உரிமைக்காகப் பாடுபட்ட மார்கசு கார்வியின் நினைவாக மூத்த மகனுக்குப் பெயரிடப்பட்டது.

ஒரு வகுப்பறையில் ஒரு மாணவனைப் பட்டப்பெயரால் ஏளனம் செய்யும் குரல் எழும்போது, அதைக் கேட்டு நகைப்போர் பலர். கேளாததுபோல் இருப்போர் சிலர். அக்குரலுக்கு முன்னே எழுந்து நின்று தடுப்பவருக்குக் கைத்தட்டலோ பரிசோ கிடைப்பதில்லை. ஏளனம் செய்யப்படாமல் வீடு திரும்பிய ஒரு மாணவனின் மகிழ்ச்சி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயினும் அந்தக் காவலும் நொச்சிப் பூவிற்கு உரியதே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி அணியின் ஆட்டம் ஒன்றில் தடுப்பு வீரர் ஒருவரை மட்டும் தொடக்கம் முதல் இறுதி வரை உற்றுநோக்கி, அவர் தடுத்தவற்றைக் குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.

2. வெளியே தெரியாமல் நாள்தோறும் காவற்பணி ஆற்றும் ஒருவரை உங்கள் ஊரில் சந்தித்து உரையாடி, நேர்காணல் ஒன்றை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. உழிஞை, நொச்சி - வேறுபடுத்துக.

2. தடுப்பு வீரர்கள் ஒரே கோடுபோல் நகர்வதன் தேவை யாது?

சிறுவினா

1. 1998 அரையிறுதியில் துராம் தம் பிழையை ஈடுசெய்த திறத்தை விளக்குக.

2. ஒன்பது வயதில் எழுந்த வினா துராமின் பிற்கால வாழ்வை எவ்வாறு வழிநடத்தியது?

நெடுவினா

'தடுக்கப்பட்ட தீமைக்குக் கணக்கில்லை' - இக்கூற்றைப் பாடப்பகுதியைக் கொண்டும் உங்கள் பட்டறிவைக் கொண்டும் ஆராய்க.